லைசென்ஸை முதலில் படியுங்கள்

"லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சு சார். இனிமே இடுப்புல செருகிக்கிட்டு எங்க வேணா போகலாம்தானே? சட்டைக்கு வெளியே தெரிஞ்சா தப்பா?"

பெங்களூரில் துப்பாக்கி உரிம வழக்குகளை நடத்திவரும் வக்கீலாக நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்கள் மாறியிருக்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் எஸ்டேட் முதலாளிகளும் நகைக்கடைக்காரர்களும் கேட்டார்கள். பிறகு நிலம் வாங்கி விற்பவர்களும் கட்டட ஒப்பந்தக்காரர்களும் கேட்டார்கள். இப்போது அமெரிக்காவில் சில வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பிய ஐ.டி. பொறியாளர்கள் கேட்கிறார்கள். எல்லோரிடமும் லைசென்ஸை வாங்கி மேசைமேல் விரித்து, அதில் எழுதியிருப்பதை அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்வேன். என் சீனியர் எனக்குக் கற்றுத்தந்த பழக்கம் அது. துப்பாக்கி வழக்குகளில் பாதிக்கு மேல், லைசென்ஸைப் படிக்காமல் பெட்டியில் பூட்டி வைத்தவர்களால் வருபவை என்பார் அவர். எண்பதுகளின் கடைசியில் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்த நான், இத்தனை காலத்தில் அதை மறுக்கும்படி எதையும் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் எங்களிடம் வந்த துப்பாக்கிகள் பெரும்பாலும் பன்னிரண்டு "போர்" குழல் அளவு கொண்ட இரட்டைக்குழல்கள். தாத்தா காலத்தில் வேட்டைக்கு வாங்கியவை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை நின்றுபோனது. ஆனால் துப்பாக்கி வீட்டிலேயே இருந்தது. லைசென்ஸில் காரணம் மட்டும் "பயிர்ப் பாதுகாப்பு" என்று மாறியது. பன்னேர்கட்டா பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒருவர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைத் தவறாமல் புதுப்பித்துவந்தார். சரணாலயத்திலிருந்தும் தேசியப் பூங்காவிலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவர் தம் ஆயுதத்தை வனத்துறையிலும் பதிவு செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த எல்லைக்குள் புது உரிமம் வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு முன்கூட்டியே வேண்டும். ஆயுதச் சட்டத்தை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரே சட்டத்துக்குள் வாழ்வதில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

லைசென்ஸில் என்ன இருக்கும்? வைத்திருப்பவர் பெயர், முகவரி, புகைப்படம். துப்பாக்கியின் வகை, போர், எண். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டாக்கள் வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்ற கணக்கு. எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது. எந்த எல்லைக்குள் செல்லும். எந்தத் தேதி வரை செல்லும். இந்தக் கட்டங்களில் ஒன்றைத் தாண்டினாலும், கையில் லைசென்ஸ் இருந்தும் குற்றவாளி ஆகலாம். உரிம நிபந்தனையை மீறுவதற்கென்றே ஆயுதச் சட்டத்தில் 30-ஆவது பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறியதாகத் தெரியும். ஆனால் அந்த வழக்கோடு உரிமமும் போகும். ரத்து செய்யும் அதிகாரத்தை 17-ஆவது பிரிவு கொடுத்திருக்கிறது.

எல்லைக் கட்டத்தைப் பற்றி பெங்களூர்க்காரர்களுக்கு, அதிலும் தமிழர்களுக்கு, நான் தனியாக எடுத்துச் சொல்வதுண்டு. நம்மில் பலர் வாரம் ஒருமுறையாவது அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் போகிறவர்கள். வீடு இங்கே, பட்டறை அங்கே என்று இருப்பவர்களும் உண்டு. கர்நாடகத்துக்குள் மட்டும் செல்லும் என்று எழுதப்பட்ட உரிமம் அத்திப்பள்ளியோடு முடிந்துவிடுகிறது. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அதே துப்பாக்கி, அதே மனிதர், அதே இடுப்பு. சட்டத்தின் பார்வையில் மட்டும் எல்லாம் மாறிவிடும்.

கல் குவாரி நடத்திய ஒருவர் இப்படித்தான் கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒரு வாகனச் சோதனையில் மாட்டினார். கூலிப் பணம் எடுத்துப் போகும்போது பாதுகாப்புக்காக ரிவால்வர் வைத்திருந்தார். நோக்கம் நேர்மையானது, உரிமம் உண்மையானது, புதுப்பித்தலும் சரியாக இருந்தது. "வேலிட் லைசென்ஸ் சார் இது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கே வேலிட் என்ற வரியை அவர் அன்றுவரை படித்ததில்லை. எல்லையை நாடு முழுவதற்கும் நீட்டிக்க வழி உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பித்து, தேவையைக் காட்டி, மேலிடத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரே ஒரு பயணம் என்றால் அதற்கென்று பயண உரிமம் இருக்கிறது. இரண்டையும் யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள்.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்த நகரத்தில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அதற்குப் பிந்தைய மாதங்களில் துப்பாக்கி உரிமம் கேட்டு எங்கள் அறைக்கு வந்த தமிழ் வியாபாரிகளை மறக்க முடியாது. கடை எரிந்தவர்கள், எரியாமல் தப்பியவர்கள், இரு தரப்பிலும் பயம் ஒன்றாகவே இருந்தது. சீனியர் எல்லோருடைய கதையையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு ஒன்றைக் கேட்பார்: "கூட்டமா நூறு பேர் வந்தா, ஆறு தோட்டா வச்சு என்ன பண்ணுவீங்க?" சிலர் அதோடு எழுந்து போனார்கள். சிலருக்கு உண்மையிலேயே தனி மிரட்டல் இருந்தது. அவர்களுக்கு விண்ணப்பம் எழுதினோம்.

சட்டம் கேட்பது தேவையை. பயம் எல்லோருக்கும் இருக்கும். யாரிடமிருந்து, எதற்காக, எப்போதிலிருந்து ஆபத்து, அதற்கு என்ன ஆதாரம் என்று காட்டினால்தான் பயம் தேவையாகிறது. ஸ்டேஷனில் கொடுத்த புகார், கையில் வரும் பணத்தின் அளவு, வீடு ஊருக்கு எவ்வளவு ஒதுக்குப்புறமாக இருக்கிறது என்பதெல்லாம் அதில் சேரும். சொத்து இருந்தால்தான் லைசென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக்கூடாது என்று 14-ஆவது பிரிவே சொல்கிறது. பெரும் பணக்காரருக்கு மறுக்கப்பட்டதையும், ஒதுக்குப்புறமான பெட்ரோல் பங்கில் இரவு வசூலைக் கையாளும் மேலாளருக்குக் கிடைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நகரம் நாலாபுறமும் வீங்கியது. தேவனஹள்ளி, சர்ஜாபுரா, கனகபுரா சாலை என்று நிலத்தின் விலை ஏற ஏற, எங்களிடம் வருபவர்களின் தன்மையும் மாறியது. துப்பாக்கி ஒரு அந்தஸ்தாகத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். இரட்டைக்குழல் கேட்பவர் குறைந்தார்கள்; .32 ரிவால்வரும் பிஸ்டலும் கேட்டார்கள். 9 மில்லிமீட்டர் வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அது தடைசெய்யப்பட்ட போர், மத்திய உள்துறை அமைச்சகம்தான் கொடுக்க முடியும், நகரத்தில் போலீஸ் கமிஷனரோ மாவட்டத்தில் கலெக்டரோ கொடுக்க முடியாது என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

அப்படி ஒருவர் ஒரு கல்யாண மண்டபத்தில் கோட்டைத் தூக்கி இடுப்பு உறை தெரியும்படி மேடையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். யாரையும் மிரட்டவில்லை, வெளியே எடுக்கவும் இல்லை. ஆனால் அந்தப் படம் கைபேசிகளில் சுற்றி, அவரோடு நிலத்தகராறு இருந்த இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதையே மிரட்டல் என்று புகார் கொடுத்தார். உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. "எடுக்கவே இல்லையே சார்" என்றார் கட்சிக்காரர். எடுக்கத் தேவையில்லை, தெரிந்தாலே பார்ப்பவருக்கு அது ஒரு செய்திதான் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அன்றைக்கு வாதங்களால் நிரப்ப வேண்டியிருந்த அந்த இடத்தை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் தெளிவாக்கிவிட்டன. 1962-ன் பழைய விதிகளுக்குப் பதிலாக வந்தவை இவை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். நீளத் துப்பாக்கிக்கும் அதற்கேற்ற உறை வேண்டும். ஆயுதம் முழுவதுமாக மறைந்திருக்க வேண்டும். கூடவே, எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் அது இருக்க வேண்டும். பொது இடத்தில் வீசிக் காட்டுவதும் சுடுவதும் கூடாது. அரசு ஆயுதமில்லாப் பகுதி என்று அறிவித்த இடங்களுக்குள் கொண்டுபோகவும் கூடாது. ஆக, முதலில் கேட்ட கேள்விக்கு நம் நாட்டில் பதில் இதுதான்: வெளியே தெரியக்கூடாது, ஆனால் கையை விட்டும் போகக்கூடாது.

இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காரின் முன்பெட்டியில் ரிவால்வரை வைத்துப் பூட்டிவிட்டு ஹோட்டலுக்குள் சாப்பிடப் போனால் மறைவு இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை. கண்ணாடியை உடைத்து எடுத்துப்போனவனுக்கு லைசென்ஸ் ஒரு பொருட்டே இல்லை. திருட்டுப் புகார் கொடுக்கப் போன ஒருவர் தம் கவனக்குறைவுக்கு விளக்கம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். கொண்டு போக அவசியமில்லாத இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள், வீட்டில் தனி இரும்புப் பெட்டியில் வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பத்திரமாக வைப்போம் என்று விண்ணப்பத்தோடு உறுதிமொழி கொடுப்பதும், பாதுகாப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்குவதும் 2016 விதிகளில் வந்தவை. என்னைக் கேட்டால் இந்தப் பயிற்சி ஐம்பது வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். தோட்டா உள்ளே இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாமலே இருபது வருடம் துப்பாக்கி வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆயுதச் சட்டத்துக்கு 2019-ல் வந்த திருத்தம் இன்னொரு மாற்றம். அந்த வருடம் டிசம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 1983 முதல் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று இருந்தது இரண்டானது. மூன்றாவதை ஒப்படைக்க ஒரு வருட அவகாசம். உரிமக் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தானது. கல்யாணத்திலும் கோவில் விழாவிலும் கொண்டாட்டத்துக்காகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தனிப் பிரிவே வந்தது. மூன்றாவதைக் கொடுக்க மனமில்லாமல் வந்தவர்களில் பலர் அப்பாவின் நினைவாக வைத்திருந்தவர்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனாலும் இந்தத் திருத்தத்தை நான் ஆதரிக்கிறேன். ஒரு குடும்பத்தைக் காக்க மூன்று துப்பாக்கி வேண்டும் என்ற வழக்கு இதுவரை என்னிடம் வந்ததில்லை.

அப்பாவின் துப்பாக்கி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உரிமம் வைத்திருந்தவர் இறந்ததும் அந்த லைசென்ஸ் அவரோடு முடிந்துவிடுகிறது. துப்பாக்கி பீரோவில் இருக்கும். வீட்டில் யாருக்கும் அதைத் தொட மனம் வராது. காரியம் முடிந்து, சொத்துப் பிரித்து, சில சமயம் வருடங்கள் கழித்து, வீட்டைக் காலி செய்யும்போதுதான் நினைவு வரும். அதுவரை அந்த வீட்டில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம். ஜெயநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதே நிலையில் நடுங்கிக்கொண்டே வந்தார். கணவர் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. "போலீசுக்குப் போனா என்னையே உள்ள வச்சுடுவாங்களாப்பா?" என்று கேட்டார். வழி எளிது: வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனவுடன் தாமதமில்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. இறப்புச் சான்றிதழோடு ஒரு விளக்கக் கடிதம் எழுதி, அந்த அம்மாவை நானே அழைத்துப்போய் ஒப்படைத்தேன். ஸ்டேஷனில் அவருக்கு நாற்காலி போட்டு ரசீது கொடுத்து அனுப்பினார்கள். வாரிசு தொடர்ந்து வைத்திருக்க விரும்பினால் தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். உரிமதாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கி வாங்கி 25 வருடம் ஆகியிருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் 2016 விதிகள் இடம் தருகின்றன. முதியவர்களிடம் இதைத்தான் வற்புறுத்துகிறேன். பிள்ளைகளுக்கு வழக்கைச் சொத்தாக விட்டுப் போகாதீர்கள்.

விமான நிலைய வழக்குகள் 2008-ல் தேவனஹள்ளியில் புது நிலையம் திறந்தபின் பெருகின. துப்பாக்கி இருக்காது, பையின் அடியில் ஒற்றைத் தோட்டா இருக்கும். ஒருமுறை ஒரு கல்லூரி மாணவன், அப்பா எஸ்டேட்டுக்கு எடுத்துப்போகும் பையை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு விமானம் ஏற வந்தான். ஸ்கேனரில் பன்னிரண்டு போர் தோட்டா ஒன்று தெரிந்தது. விமானம் போய்விட்டது, எஃப்.ஐ.ஆர். பதிவானது, பாஸ்போர்ட்டும் படிப்பும் கேள்விக்குறியாகின.

இந்த வழக்குகளில் நிற்பது ஒரே ஒரு கேள்வி: தன்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியுமா? வைத்திருத்தல் என்றால் அறிந்து வைத்திருத்தல் என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கிலேயே சொல்லிவிட்டது. 1994-ல் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அதே கருத்தைக் கொண்டிருந்தது. அதைப் பற்றிக்கொண்டு பல உயர் நீதிமன்றங்கள் ஒற்றைத் தோட்டா வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. அந்தப் பையன் மீதான வழக்கும் ரத்தானது. ஆனால் ரத்தாகும்வரை அந்தக் குடும்பம் பட்ட பாட்டுக்கு எந்தத் தீர்ப்பும் ஈடு செய்யாது. துப்பாக்கி உள்ள வீட்டில் தோட்டாவுக்கென்று ஒரே பெட்டி, எண்ணிக்கைக்கு ஒரு நோட்டு, வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு தனிப் பை. இந்த மூன்றும் இருந்தால் போதும். லைசென்ஸோடு துப்பாக்கியையே விமானத்தில் கொண்டு போக வேண்டுமென்றால், கவுண்டரில் முதலிலேயே அறிவித்து, தோட்டாக்களை நீக்கி, கையில் எடுத்துப்போகாமல் சரக்குப் பெட்டியில் அனுப்ப வேண்டும். அறிவிக்கும் ஒரு வார்த்தையில்தான் பயணியும் குற்றவாளியும் பிரிகிறார்கள்.

கர்நாடகத்தில் இந்தத் தொழில் செய்பவர் குடகைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. குடகின் பூர்வீகச் சமூகமான கொடவர்களுக்கும், அங்கே ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை பெற்றவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்க் கப்பன் மைசூருக்கும் குடகுக்கும் கமிஷனராக இருந்தபோது கொடுத்த விலக்கு அது. சுதந்திரத்துக்குப் பின் 1963-ல் மத்திய அரசின் அறிவிக்கையாகத் தொடர்ந்தது. 2019 அக்டோபரில் இன்னும் பத்து வருடத்துக்கு, 2029 வரை, நீட்டிக்கப்பட்டது. சாதியையும் நிலத்தையும் வைத்து விலக்கு கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கை, 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து விலக்கைச் செல்லும் என்றது.

செப்டம்பரில் கைல்போத் பண்டிகைக்குக் குடகு போயிருக்கிறேன். துப்பாக்கிகளைத் துடைத்து, பூவைத்து, விளக்கேற்றிப் பூசை செய்கிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, வீட்டில் இறப்பு நேர்ந்தால் இரண்டு வெடி என்பது அவர்கள் வழக்கம். துப்பாக்கி அங்கே அந்தஸ்துப் பொருள் இல்லை, முன்னோரின் சொத்து. பெரியவர்கள் சிறுவர்களை அதன் பக்கம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பழக்குவதைப் பார்த்தபோது, நகரத்து உரிமதாரர்களுக்கு நான் வருடக்கணக்கில் சொல்லியும் ஏறாத பாடம் இங்கே வளர்ப்பிலேயே வந்துவிடுகிறதே என்று நினைத்தேன். ஆனாலும் விலக்கு என்பது அந்தச் சமூகத்துக்கு, உரிமத்துக்கு மட்டும். கொடவ நண்பரிடமிருந்து ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வந்த பெங்களூர்க்காரர் ஒருவருக்கு அந்த விலக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

தேர்தல் வந்தால் எங்கள் அறை நிரம்பிவிடும். துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். தேர்தல் காலத்தில் ஆயுதம் வெளியே இருக்கக்கூடாது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எல்லோரிடமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கோவா வழக்கு ஒன்றில் மும்பை உயர் நீதிமன்றம் 1999-லேயே இதை ஆராய்ந்தது. ஒவ்வொரு உரிமதாரரையும் தனித்தனியாகப் பரிசீலிக்க ஒரு குழு வேண்டும் என்றது. ஜாமீனில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் காலத்தில், சம்பந்தப்பட்டவர்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் தேர்தல் ஆணையத்தின் வழிமுறையும். காட்டோரத்தில் யானையும் பன்றியும் இறங்கும் தோட்டக்காரர்களும், வங்கிக் காவலர்களும், துப்பாக்கி சுடும் வீரர்களும் விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம். காரணத்தை ஆதாரத்தோடு எழுதியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கோபத்தோடு எழுதியவர்களுக்குக் கிடைத்ததில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்தவர்களின் குழப்பம் வேறு மாதிரி. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சாஸில் 2016 முதல் உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியை உறையில் வெளியே தெரியும்படி எடுத்துப்போகலாம் என்றானது. 2021 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள பெரியவர்களுக்கு உரிமமே தேவையில்லை என்றானது. நியூயார்க்கில் உரிமம் இல்லாமல் முடியாது. அந்த உரிமத்துக்குத் தனிப்பட்ட தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க்கின் நிபந்தனையை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஒரு மாநிலத்தின் அனுமதி இன்னொன்றில் செல்லும் என்ற உறுதியும் இல்லை. நம் பிள்ளைகளுக்குத் தெரியாதது இன்னொன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பரோடு சுடும் தளத்துக்குப் போய் எடுத்துக்கொண்ட படங்களை என்னிடம் காட்டிய பொறியாளர் இதைக் கேட்டதும் கைபேசியை மடித்து வைத்துவிட்டார்.

இங்கே நிலைமை நேர்மாறு. ஆயுதமும் வெடிமருந்தும் அரசியல் சாசனத்தில் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தவை. கர்நாடகத்துக்கு ஒரு துப்பாக்கிச் சட்டம், தமிழ்நாட்டுக்கு ஒரு துப்பாக்கிச் சட்டம் என்று இல்லை. 1959-ன் ஆயுதச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றே. மாநிலம் செய்வது அமலாக்கம். கர்நாடகப் போலீஸ் சட்டத்தின் 35-ஆவது பிரிவுப்படி ஒரு பகுதியில் சில நாட்களுக்கு ஆயுதங்களை எடுத்துச்செல்லத் தடை போடலாம் என்பது போன்ற அதிகாரங்கள் உண்டு. துப்பாக்கி வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை இல்லை; அமெரிக்க அரசியல் சாசனத்தில் இருப்பதுபோல நம்முடையதில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் எடுத்துக்காட்டியது. கொடுப்பதும் நிபந்தனையோடு, வைத்திருப்பதும் நிபந்தனையோடு.

துப்பாக்கி காப்பாற்றுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன். 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பிறகு பெண்கள் பலர் விசாரித்து வந்தார்கள். 2014-ல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று "நிர்பீக்" என்ற சிறிய .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ, விலை ஒரு லட்சத்துக்கு மேல். கைப்பையின் அடியிலிருந்து அதை எடுக்க எத்தனை விநாடி ஆகும், நெருக்கத்தில் அதை எதிராளி பிடுங்க எத்தனை விநாடி ஆகும் என்று சேர்ந்து யோசித்துப் பார்ப்போம். பெரும்பாலோர் மிளகுத் தெளிப்பானோடும் தற்காப்புப் பயிற்சியோடும் நின்றார்கள். 2017 செப்டம்பர் 5-ஆம் தேதி ராஜராஜேஸ்வரி நகரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது 7.65 மில்லிமீட்டர் நாட்டுத் துப்பாக்கி; எந்த லைசென்ஸ் பதிவேட்டிலும் இல்லாதது. வீட்டுக் கதவைத் திறக்கும் நேரத்தில் இருளிலிருந்து வருபவன் முன்னால் இடுப்பில் இருக்கும் ரிவால்வர் பயன்படுவது அபூர்வம். உரிமம் பெற்ற துப்பாக்கியைக் காட்டிலும் உரிமமில்லாததைப் பிடிப்பதில்தான் நகரத்தின் பாதுகாப்பு இருக்கிறது என்ற என் எண்ணம் அந்த வாரத்தில் உறுதியானது.

இதற்காக உரிமமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையான தேவை உள்ளவருக்கு மறுப்பதும் அநியாயம். பக்கத்து மாவட்டம் ஒன்றில், கொலை மிரட்டலுக்கு எஃப்.ஐ.ஆர். பதிவான ஒரு சாட்சி உரிமம் கேட்டார். "நிராகரிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியில் பதில் வந்தது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், பொது நலனுக்குக் கேடு இல்லாதவரை கேட்டால் கொடுக்கவும் வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. மேல்முறையீட்டில் அந்த ஒற்றை வரி நிற்கவில்லை. மறுபரிசீலனைக்குத் திரும்பியது, பிறகு உரிமம் கிடைத்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு. மறுப்பு வந்ததும் மனம் உடைந்து உட்கார்ந்திருப்பவர்கள் அந்த 30 நாளை இழந்துவிடுகிறார்கள். அதே சாட்சி, வழக்கு முடிந்து எதிரிக்குத் தண்டனை ஆனபின், ஒருநாள் வந்து துப்பாக்கியை டீலரிடம் விற்றுவிட்டு உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "இப்ப தேவையில்ல சார்" என்றார். என் தொழிலில் நான் அதிகம் மதிக்கும் கட்சிக்காரர் அவர்தான். தேவை வந்தபோது சட்டப்படி கேட்டார், தீர்ந்தபோது சட்டப்படி விட்டார்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உரிமம் கொடுக்கும் நாளன்று, எல்லை, தோட்டா எண்ணிக்கை, எடுத்துச்செல்லும் முறை, முகவரி மாறினால் யாருக்குத் தெரிவிப்பது, உரிமதாரர் இறந்தால் குடும்பம் என்ன செய்வது என்ற ஐந்தையும் கன்னடத்திலும், இந்த ஊரில் பேசப்படும் மற்ற மொழிகளிலும் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுக்கலாம். வாங்குபவர் அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே லைசென்ஸைக் கொடுக்கலாம். என்னிடம் வரும் வழக்குகளில் பெரும்பகுதி அந்த ஒரு தாளோடு நின்றுபோகும். எனக்கு வேலை குறையும்; குறையட்டும். நீதிமன்றத்துக்கே வராத துப்பாக்கிதான் ஒழுங்காக வைக்கப்பட்ட துப்பாக்கி.